சோழமண்டலத் துணி சென்றடைந்த கரை

பிரான்சின் வடமேற்கில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் பிரிட்டனியை ஒரு வாரம் காரில் சுற்றிவரத் திட்டமிடுவோர், கலங்கரை விளக்கங்களையும் மணற்கரைகளையும் கொண்டே பெரும்பாலும் வழியை வகுக்கின்றனர். ஆயினும் சான்-மாலோ, லோரியான், நாந்த் ஆகிய துறைமுகங்களை இணைக்கும் வழியே தமிழ் வாசகருக்கு மிகுந்த பொருளுடையது. ஏனெனில் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட துணிகள் கரையிறங்கியதும் ஏலம் போனதும் மீண்டும் கப்பலேறியதும் இக்கரையில்தான்.

வடகரையில் மதில் சூழ்ந்து நிற்கும் சான்-மாலோவின் வணிகர்கள், 1664இல் பிரெஞ்சு அமைச்சர் கோல்பேர் தோற்றுவித்த பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கடனில் மூழ்கியபோது, அதன் வணிக உரிமையைக் குத்தகையாகப் பெற்று 1719 வரை இந்தியாவுக்குக் கப்பல் விட்டனர். 1746இல் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொன்னே 1699இல் இவ்வூரில் பிறந்தவர். பிடித்த நகரை மீட்புப் பணத்துக்குத் திருப்பித் தருவது குறித்து அவருக்கும் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேக்கும் மூண்ட பூசலை, அந்நகரில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு விரிவாகக் காட்டுகிறது. 1944 ஆகஸ்டில் பெரும்பகுதி எரிந்துபோன ஊர் பழைய சாயலிலேயே மீண்டும் கட்டப்பட்டதால், மதிலுக்குள் இன்று காணும் வீடுகளில் பல 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

பயணத்தில் அதிக நாள்களை ஒதுக்க வேண்டிய இடம் தென்கரையின் லோரியான் ஆகும். 1666இல் கம்பெனி தனக்குக் கப்பல் கட்டும் தளம் அமைத்த வெற்று நிலத்திலிருந்து வளர்ந்த இவ்வூரில்தான், 1730கள் முதல் ஆசியச் சரக்குகளின் ஆண்டு ஏலம் நடைபெற்றது. ஏலத்துக்கு வந்த மிளகு, தேயிலை, பீங்கான், பருத்தித் துணி ஆகியவற்றுள் சிக்கலுக்குள்ளானது சீட்டித் துணியே, அதாவது பூவேலை அச்சிட்டும் தீட்டியும் சாயமேற்றிய பருத்தித் துணி. தம் தொழில் நசிவதாகப் பிரெஞ்சுப் பட்டு, கம்பளி நெசவாளர் முறையிட்டதால், 1686 முதல் 1759 வரை பிரான்சுக்குள் அதனை விற்பதும் உடுத்துவதும் தடைசெய்யப்பட்டிருந்தன. எனினும் வெளிநாட்டுக்கு மறு ஏற்றுமதி செய்யத் தடையில்லாததால் கம்பெனி அதனைத் தொடர்ந்து இறக்கியது, கள்ளக்கடத்தலும் ஓயவில்லை. உலகின் தேர்ந்த சாயத் தொழிலுக்கு எதிராக ஓர் அரசு முக்கால் நூற்றாண்டு தடையை நிலைநிறுத்தியும் வெல்ல முடியவில்லை என்பது சோழமண்டலக் கைவினைஞருக்குக் கிடைத்த பெருஞ்சான்று. சென்னை வீழ்ந்த அடுத்த மாதமே, 1746 அக்டோபரில், ஆங்கிலப் படை லோரியானை முற்றுகையிட்டுத் தோல்வியுடன் திரும்பியது. 1943 குண்டுவீச்சில் அக்காலக் கட்டடங்கள் பெரும்பாலும் அழிந்தமையால், கம்பெனி வரலாற்றை அறிய எதிர்க்கரையில் போர்-லூயி கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கே செல்ல வேண்டும்.

லுவார் ஆற்றங்கரையிலுள்ள நாந்த் பழைய பிரிட்டனியின் தலைநகர்களுள் ஒன்று. பிரான்சின் மிகப் பெரிய அடிமை வணிகத் துறைமுகமும் இதுவே. ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை விலைக்கு வாங்க இங்கிருந்து சென்ற பண்டங்களுள் இந்தியத் துணி முதன்மையான இடம் பெற்றிருந்தது. அடிமை வணிகக் கப்பல்களின் பெயர்களைத் தரையில் பதித்த நினைவிடம் 2012இல் ஆற்றோரத்தில் திறக்கப்பட்டது. துணியின் பெருமையை மட்டும் கண்டு திரும்பாமல், பயணத்தின் இறுதி நாளை இந்நினைவிடத்துக்கு ஒதுக்குவதே முறை.