நிழற்படமும் ஓர் அமானிதமே

திருமக்கா, மதீனா நகரங்களின் மிகப் பழைய நிழற்படங்களை எடுத்தவருள் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர் எகிப்திய இராணுவப் பொறியாளர் முஹம்மது ஸாதிக் பே ஆவார். 1861-இல் அவர் மதீனாவைப் படமெடுத்தார். கண்ணாடித் தகட்டின் ஈரம் உலருமுன் படத்தைப் பதித்து, அவ்விடத்திலேயே கழுவியெடுக்க வேண்டியிருந்த காலம் அது!

அவருக்குப் பின் நாம் நினைவுகூர வேண்டியவர் மக்காவின் மருத்துவர் ஸெய்யித் அப்துல் கஃப்பார். 1885-இல் மக்காவில் தங்கியிருந்த டச்சு அறிஞர் ஸ்நூக் ஹுர்குரோன்யே அவருக்கு இக்கலையைக் கற்பித்தார். அவ்வறிஞர் அதே ஆண்டில் ஹிஜாஸை விட்டு வெளியேற்றப்பட்ட பின்னரும் மருத்துவர் படமெடுத்து அனுப்பி வந்தார். படங்களில் தம் பெயரையும் அரபியில் பொறித்தார். ஆயினும் 1889-இல் லெய்டனில் வெளியான படத்தொகுப்பில் அப்பெயர் அழிக்கப்பட்டிருந்தது. பெயர் தாங்கிய மூலப் பிரதிகள் எஞ்சியிருந்தமையால் பிற்கால ஆய்வாளர் உண்மையைக் கண்டனர்.

இன்று கணினி இப்பணியை எளிதாக்கியுள்ளது. கீறலை நிரப்பலாம், மஞ்சள் படர்ந்து மங்கியதைத் துலக்கலாம். ஆனால், சிதைந்த முகத்தைச் செயற்கை நுண்ணறிவு ‘மீட்கும்’போது, இல்லாத கண்ணையும் மூக்கையும் அது ஊகித்தே வரைகின்றது. அது ஏற்றும் வண்ணமும் ஊகமே. அறிவிப்பாளர் தம் சொல்லை ஹதீஸின் மூல வாசகத்துட் கலந்துவிட்டால், அதனை ‘முத்ரஜ்’ எனப் பிரித்துக் காட்டினர் நம் முஹத்திஸுகள். அப்பேணுதல் படத்திற்கும் வேண்டும் என்பதே எம் கருத்து.

ஆகவே, மூலப் படத்தில் கை வைத்தல் ஆகாது. அதனை ஸ்கேன் செய்து, தரம் குன்றாத ‘டிஃப்’ கோப்பாக ஒரு பிரதியை மாற்றமின்றிக் காக்க வேண்டும். திருத்தங்களை வேறொரு பிரதியிற் செய்து, செய்தவை இன்னின்னவை எனக் குறித்து வைத்தல் முறை. படத்தின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்க. அங்குள்ள பெயரும் தேதியும் நிலையத்தின் முத்திரையுமே அப்படத்தின் இஸ்னாத்.

நம் இல்லத்துப் பெட்டிகளிலும் பெயரற்ற முகங்கள் பல உறங்குகின்றன. அவர்களை அறிந்த பெரியோர் நம்மிடையே உள்ளபோதே கேட்டு எழுதி வைப்போமாக. மங்கிய படத்தைக் கணினி துலக்கித் தரும். மறந்த பெயரை அது அறியாது.