என்ன சோறு?

மருத்துவம் படித்த காலத்தில் பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகைக்கு இருந்தேன். ஒருநாள் வகுப்பில் ஆசிரியர் ஒரு நோயாளியின் மின்பதிவைத் திரையில் போட்டார். பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் நீக்கியிருந்தார்கள். தமிழர், ஆண், 52 வயது, கால் வீக்கம், மூச்சுத் திணறல். 'மது: ஆம்.' இருதயக் கோளாறு என்றோம். அவர் சிரித்துவிட்டு, "பெரிபெரி" என்றார். அந்த ஆள் மாதக்கணக்கில் சரியாகச் சோறே தின்னாமல் குடித்துக்கொண்டிருந்தாராம். அதைப் பதிவில் தேடினோம், இல்லை. கட்டிலருகே உட்கார்ந்து பேசிய தாதி சொன்ன தகவல் அது.

இந்த நோயின் கதையில் பாதி கோலாலம்பூரில்தான் நடந்தது. நூறாண்டுக்கு முன் ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கு அது அவ்வளவாக வரவில்லை. ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் இனம் எழுதியிருந்ததால் வித்தியாசம் கண்ணில் பட்டது. நெகிரி செம்பிலானில் இருந்த டாக்டர் பிராடன் காரணத்தைச் சோற்றில் தேடினார். சீனர்கள் தின்றது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி, நம்மவர்கள் தின்றது புழுங்கல் அரிசி. பழைய பச்சரிசியில் ஏதோ நஞ்சு என்று நினைத்தார். விளக்கம் தப்பு, ஆனால் கை வைத்த இடம் சரி.

1905 கடைசியில் டாக்டர் வில்லியம் ஃப்ளெச்சர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தவர்களை வரிசையாக நிற்கவைத்து எண்ணினார். ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை இன்னொரு பக்கம். ஒரு பக்கத்துக்குப் பச்சரிசி, மறுபக்கத்துக்குப் புழுங்கல். அவர்களிடம் யார் சம்மதம் கேட்டது? பச்சரிசிப் பக்கம் நோய் பரவியது, சாவும் விழுந்தது. முடிவு 1907இல் 'லான்செட்' இதழில் வந்தது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்குகிறது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. 'வைட்டமின்' என்ற சொல்லே 1912இல்தான் பிறந்தது.

1968இல் அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட், நோயாளிப் பதிவு கற்றும் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். 1999இல் திறந்த செலாயாங் மருத்துவமனை தொடக்கத்திலிருந்தே காகிதமில்லாதது. அப்படிப்பட்ட பதிவுகளை வைத்துப் படித்த தலைமுறை நாங்கள். ஆயிரம் பதிவுகளை நொடியில் தேடலாம், எழுதாத ஒன்றை எப்படித் தேடுவது?

கிள்ளானில் அம்மாச்சியிடம் இதைச் சொன்னேன். "ஆளைப் பார்த்ததும் என்ன சாப்பிட்டேன்னு கேக்க மாட்டீங்களா?" என்றது.

இப்போது நான் பாடம் எடுக்கும்போது, திரையைப் போடுமுன் மாணவர்களை வார்டுக்கு அனுப்பிவிடுகிறேன்.