மரணப் பள்ளத்தாக்கும் குறுக்குவழிகளும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், நெவாடா எல்லையை ஒட்டி இருக்கிறது டெத் வேலி தேசியப் பூங்கா. தமிழில் சொன்னால் மரணப் பள்ளத்தாக்கு. சுமார் 13,700 சதுர கிலோமீட்டர் பரப்பு. இதற்குள் இருக்கும் பேட்வாட்டர் என்ற உப்புத்தரை கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கிறது. அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் 3,300 மீட்டருக்கும் மேல் உயர்ந்த டெலஸ்கோப் சிகரம் தெரியும். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 5 சென்டிமீட்டர் அளவுதான். 1913 ஜூலை 10 அன்று இங்கே பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் இன்றுவரை உலகின் அதிகாரபூர்வமான உச்ச வெப்பநிலை. அந்த அளவீட்டைச் சந்தேகிக்கும் வானிலை ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் 2020-லும் 2021-லும் 54.4 டிகிரி பதிவானது.

இப்படிப்பட்ட இடத்துக்கு எப்போது போவது? எந்த வழியாகப் போவது? எவ்வளவு தண்ணீர் எடுத்துக்கொள்வது? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் இந்தப் பள்ளத்தாக்கின் வரலாற்றிலேயே இருக்கிறது.

பெயர் வந்த கதை

1849-ல் கலிபோர்னியாவில் தங்கம் தேடி மக்கள் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டார்கள். அந்த அக்டோபரில் யூட்டா பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டு வண்டிகள் ஒன்று சேர்ந்தன. நேரே மேற்கே போனால் சியரா நெவாடா மலையின் பனியில் சிக்க வேண்டியிருக்கும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. காரணம், மூன்று ஆண்டுகளுக்கு முன்பு டோனர் குழுவினர் அந்தப் பனியில் மாட்டிக்கொண்டு பாதிப்பேர் இறந்திருந்தார்கள். அவர்கள் தாமதமாக மலைக்கு வந்து சேர்ந்ததற்கே ஒரு 'குறுக்குவழி'தான் காரணம்.

எனவே ஜெபர்சன் ஹன்ட் என்ற வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு, தெற்கே சுற்றிச் செல்லும் பழைய ஸ்பானியப் பாதையில் கிளம்பினார்கள். வழியில் ஒரு வரைபடம் கைக்கு வந்தது. மேற்கே திரும்பினால் பல நாள் பயணம் மிச்சமாகும் என்று அது காட்டியது. பெரும்பாலான வண்டிகள் ஹன்ட்டை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பின. சில நாட்களிலேயே செங்குத்தான பள்ளம் ஒன்று குறுக்கே வந்தது. பலர் திரும்பிவந்து ஹன்ட்டோடு சேர்ந்துகொண்டார்கள். மீதி இருந்த இருபத்துச் சொச்சம் வண்டிகள் விடாமல் மேற்கே போயின. கிறிஸ்துமஸ் சமயத்தில் அவை வந்து இறங்கிய இடம் இந்தப் பள்ளத்தாக்கு.

மேற்கே பானமின்ட் மலைகள் சுவர்போல நின்றன. வண்டிகளுக்கு வழியே இல்லை. 'ஜேஹாக்கர்கள்' என்று அழைக்கப்பட்ட இளைஞர் குழு தங்கள் வண்டிகளையே விறகாக எரித்து, மாடுகளை அடித்து இறைச்சியை உலர்த்திக்கொண்டு நடந்தே வெளியேறியது. குழந்தைகளோடு வந்த பென்னட், ஆர்கன் குடும்பங்களால் அது முடியவில்லை. வில்லியம் லூயிஸ் மேன்லி, ஜான் ரோஜர்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள் உதவி தேடிக் கிளம்பினார்கள். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்து குடியிருப்புகளை அடைந்தார்கள். தப்பித்தோம் என்று அங்கேயே தங்கிவிடவில்லை. உணவு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். வழியில் ஒரு பாறைச் சரிவில் குதிரைகளைக் கைவிட வேண்டியதாயிற்று. ஒற்றைக்கண் கோவேறு கழுதை ஒன்று மட்டும் ஏறி வந்தது. 26 நாள் கழித்து அவர்கள் திரும்பியபோது காத்திருந்த குடும்பங்கள் உயிரோடு இருந்தன.

வெளியேறும்போது யாரோ ஒருவர் திரும்பிப் பார்த்து, மரணப் பள்ளத்தாக்குக்கு விடை சொன்னதாகவும், அதுவே பெயராக நிலைத்ததாகவும் சொல்வார்கள். இத்தனைக்கும் பள்ளத்தாக்குக்குள் இறந்ததாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுபவர் ஒரே ஒருவர்தான். அதுவும் கோடையில் அல்ல, குளிர்காலத்தில்!

அங்கேயே வாழ்ந்தவர்கள்

அந்த வண்டிகள் வந்தபோது பள்ளத்தாக்கு ஆளில்லாத இடமாக இருக்கவில்லை. டிம்பிஷா ஷோஷோனி மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அங்கே வாழ்ந்து வருகிறார்கள். குளிர்காலத்தில் பள்ளத்தாக்கின் ஊற்றுகளை ஒட்டித் தங்குவார்கள். வெயில் ஏறினால் மலைக்குப் போய்விடுவார்கள். நம்மூர் சீமைக் கருவேலத்துக்கு உறவான மெஸ்கீட் மரத்தின் காய்களும், மலையில் கிடைக்கும் பின்யோன் பைன் விதைகளும் அவர்களின் உணவு. தங்கள் தாயகத்துக்கு மரணத்தின் பெயர் வைத்ததை அவர்கள் ஏற்றுக்கொண்டதில்லை.

1933-ல் இப்பகுதி தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டபோது அவர்களுடைய உரிமை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. 1950-களில், ஆள் இல்லாத வீடுகள் என்று சொல்லி அவர்களின் மண் வீடுகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்தது பூங்கா நிர்வாகம். 1983-ல்தான் அவர்கள் பழங்குடியாக மத்திய அரசால் அங்கீகரிக்கப்பட்டார்கள். 2000-ஆம் ஆண்டில் வந்த சட்டம் சுமார் 7,700 ஏக்கரைத் திருப்பிக் கொடுத்தது. அதில் ஃபர்னஸ் க்ரீக் கிராமமும் அடங்கும்.

வெண்காரம் ஏற்றிய வண்டிகள்

1880-களில் இங்கே வெண்காரம் எடுத்தார்கள், நம் பொற்கொல்லர்கள் பற்றவைக்கப் பயன்படுத்தும் அதே வெண்காரம்தான். 18 கோவேறு கழுதைகளும் 2 குதிரைகளும் இழுத்த வண்டிகள் 265 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த மோஹாவி ரயில் நிலையம்வரை போயின. ஒரு வழிப் பயணத்துக்கு ஏறக்குறைய பத்து நாள். சரக்கு வண்டிகளுக்குப் பின்னால் சுமார் 4,500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்றும் கட்டி இழுக்கப்பட்டது. கோடை வெப்பத்தில் வெண்காரக் கரைசல் குளிர்ந்து படிகமாகாது என்பதால், அந்த மாதங்களில் வேலையை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். லாபத்துக்காக வந்த கம்பெனிகூடப் பருவத்துக்குப் பணிந்தது என்பது கவனிக்கத்தக்கது.

பின்னாளில் வெண்காரக் கம்பெனியே 1927-ல் விடுதி திறந்து சுற்றுலாப் பயணிகளை அழைத்தது. 1994-ல் இது தேசியப் பூங்காவானது.

மீண்டும் அதே குறுக்குவழி

சாலையும் காரும் வந்தபிறகு நிலைமை மாறிவிட்டதா? 1996 ஜூலையில் இரண்டு குழந்தைகள் உட்பட நான்கு ஜெர்மன் சுற்றுலாப் பயணிகள் காணாமல் போனார்கள். அக்டோபரில் அவர்களின் வாடகை வேன், டயர்கள் பழுதாகி, ஆள் நடமாட்டமற்ற ஒரு மலையிடுக்கில் கிடைத்தது. பெரியவர்களின் எலும்புகள் கிடைக்க 2009 வரை ஆனது. வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தெரிந்த பாதையை நம்பி அவர்கள் இறங்கியிருக்கலாம் என்பதே பலரின் ஊகம். ஜி.பி.எஸ். கருவி காட்டிய வழியை நம்பிச் சிக்கியவர்களும் பின்னர் உண்டு. 1849-ன் காகித வரைபடம் செய்த வேலையை இப்போது கருவி செய்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே இங்கே போக விரும்புபவர்கள் நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் தண்ணீர் தேவை. பூங்காவின் பெரும்பகுதியில் செல்பேசி எடுக்காது என்பதால், போகும் வழியையும் திரும்பும் நாளையும் யாரிடமாவது சொல்லிவைக்க வேண்டும். கார் நின்றுவிட்டால் அதை விட்டு நடக்கக் கூடாது, தேடி வருபவர்களுக்கு முதலில் தென்படுவது கார்தான். சாலை திறந்திருக்கிறதா என்று கிளம்பும் அன்றே கேட்க வேண்டும். 2023 ஆகஸ்டில் ஹிலரி புயல் ஒரே நாளில் ஓராண்டு மழையைக் கொட்டி, பூங்காவையே சுமார் இரண்டு மாதம் மூடவைத்தது. அப்போது பேட்வாட்டரில் தேங்கிய ஏரிக்குப் பெயர் மேன்லி ஏரி. உதவி தேடிப் போய்த் திரும்பி வந்த அதே மேன்லியின் பெயர்தான் அது.

இந்த அறிவுரைகள் எதுவும் புதியதல்ல. பருவம் பார்த்து இடம் மாறுவதும், ஊற்று எங்கே என்று தெரிந்து தங்குவதும் டிம்பிஷா மக்களுக்கு அன்றாட வாழ்க்கை. அவர்களிடம் வழி கேட்டிருந்தால் 1849-ல் வந்தவர்கள் இந்த இடத்துக்கு வேறு பெயர் வைத்திருக்கக்கூடும்.