புதிய விதிப்புத்தகம் வாங்கலாமா?
(சிவில், 2010 பேட்ச்)

மலருக்குக் கட்டுரை கேட்ட சீனியர் ஒருவர், "பாலம், கான்கிரீட்னு எழுதி அனுப்பிடாதீங்க தம்பி, அதுக்கு இங்கே நிறைய பேர் இருக்காங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆகவே ஒரு விளையாட்டின் வரலாற்றை எழுதுகிறேன். இதிலும் ஒரு செலவுக் கணக்கு உண்டு. என்ஜினீயர் புத்தி எங்கே போகும்?

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். எங்கள் காலத்து ஹாஸ்டல்வாசிகள் சிலருக்கு நினைவிருக்கும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் கதவை உடைக்கிறேன்", "நான் ஒளிஞ்சுக்கறேன்" என்று சொல்வார்கள். கதவு உடையுமா உடையாதா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை தீர்மானிக்கும். தாயக்கட்டை உருட்டி வளர்ந்த நமக்கு இது பெரிய அதிசயமில்லை. எந்த எண் விழுந்தால் என்ன நடக்கும் என்பதை மூன்று தடித்த புத்தகங்கள் சொல்கின்றன: ஆடுபவர்களுக்கு ஒன்று, நடத்துபவருக்கு ஒன்று, அரக்கர்களுக்கு ஒன்று.

இந்த மூன்றும் 2014இல் ஐந்தாம் பதிப்பாக வந்தவை. 2024 செப்டம்பரில் தொடங்கி 2025 பிப்ரவரிக்குள் மூன்றையும் திருத்தி வெளியிட்டார்கள். ஒன்று ஏறக்குறைய 50 டாலர். மூன்றுக்கும் சேர்த்து நம் பணத்தில் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டும். எங்கள் பேட்ச் நண்பர்கள் ஐந்து பேர் இன்றும் சனிக்கிழமைகளில் கம்ப்யூட்டர் வழியே கூடி ஆடுகிறோம். ஐவரிடமும் பழைய புத்தகம் இருக்கிறது, பக்கம்கூடக் கிழியவில்லை. புதிதாக வாங்குவதா வேண்டாமா என்ற வாக்குவாதம் பல வாரம் ஓடியது. அப்போதுதான் இதன் பழைய கதையைத் தேடிப் படித்தேன்.

1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் இது பிறந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் ஆசிரியர்கள். ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு கையேடுகள், விலை 10 டாலர், முதல் அச்சு ஆயிரம் பெட்டி. விதிகள் தெளிவாக இல்லை. சண்டைக்கு 1971இல் வந்த இன்னொரு போர் விளையாட்டின் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். எனவே 1977 முதல் 1979 வரை 'அட்வான்ஸ்டு' என்ற அடைமொழியோடு மூன்று பெரிய புத்தகங்கள் வெளிவந்தன.

இங்கேதான் முதல் வழக்கு. பழைய விளையாட்டுக்கு ஆர்னசனுக்கு ராயல்டி உண்டு. 'அட்வான்ஸ்டு' என்பது பழையதன் திருத்தமா, வேறு விளையாட்டா? வேறு விளையாட்டு என்றால் அவருக்குப் பணம் தர வேண்டியதில்லை. டி.எஸ்.ஆர். கம்பெனி அப்படித்தான் வாதிட்டது. ஆர்னசன் 1979இல் கோர்ட்டுக்குப் போனார்; 1981இல் சமரசம் ஆனது. 'திருத்தம்', 'புதியது' என்ற சொற்களுக்குப் பின்னால் பணம் இருக்கிறது என்பது அன்றே வெளிச்சமாகிவிட்டது.

1989இல் இரண்டாம் பதிப்பு. பிசாசு, பூதம் என்றெல்லாம் பெயர் வைத்துப் பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள் என்று அமெரிக்கப் பெற்றோர்களிடையே ஒரு கூக்குரல் எழுந்திருந்த காலம். கம்பெனி அந்தப் பெயர்களை மாற்றியது. கொலையாளிப் பாத்திரத்தையும் எடுத்துவிட்டது. 1995இல் அதே புத்தகங்களுக்குப் புது அட்டை, புதுப் படங்கள், புதுப் பக்க அமைப்பு. விதி ஏறத்தாழ அதேதான். இது மூன்றாம் பதிப்பு அல்ல என்று முன்னுரையிலேயே எழுதினார்கள். அதன் பிறகு இரண்டே ஆண்டில் கடனில் மூழ்கிய டி.எஸ்.ஆரை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. அதை 1999இல் ஹாஸ்ப்ரோ வாங்கியது.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். அதுவரை கவசத்தின் எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். ஒவ்வொரு வெட்டுக்கும் கழித்தல் கணக்கு, அல்லது அட்டவணை. மூன்றாம் பதிப்பில் எல்லாம் ஒரே வழி: பகடையை உருட்டு, கூட்டு, இலக்கைத் தொட்டால் வெற்றி. டிசைன் என்றால் இது டிசைன். மேசையில் தினமும் பட்ட தொல்லையை ஒரே வீச்சில் தீர்த்தார்கள். மூன்றே ஆண்டில், 2003இல், 3.5 என்று ஒரு திருத்தம் வந்தபோது பலர் கொதித்தார்கள். 20 டாலருக்கு வாங்கிய புத்தகத்தின் திருத்தம் 30 டாலர்! ஆனாலும் அதில் சரக்கு இருந்தது. 'ஹேஸ்ட்' என்ற ஒரு மந்திரம் போட்டால் மந்திரவாதி ஒரே சுற்றில் இரண்டு மந்திரம் ஏவலாம்; கூட இருப்பவன் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அதைச் சரிசெய்தார்கள்.

2000இல் நடந்த இன்னொன்றுதான் நம் ஹாஸ்டல் வரை வந்தது. விதிகளின் மையப் பகுதியை 'ஓப்பன் கேம் லைசென்ஸ்' என்ற உரிமத்தில் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், அதை வைத்துத் தானே புத்தகம் போட்டு விற்கவும் செய்யலாம் என்று கம்பெனியே திறந்துவிட்டது. 3.5க்கும் அதே உரிமம். நாங்கள் 2007இல் பிரவுசிங் சென்டரில் அந்தப் பக்கங்களைப் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு ஆடினோம். திருட்டுப் பிரதி அல்ல, முழுக்கச் சட்டப்படி. இருபது முகப் பகடை எங்கே கிடைக்கும்? மெஸ் டம்ளரில் இருபது சீட்டுப் போட்டுக் குலுக்கினோம். தாய்ப்புத்தகம் ஒன்றைக்கூட நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

2008இல் நான்காம் பதிப்பு வந்தது. விளையாட்டின் நடையே மாறியது, உரிமமும் இறுக்கமானது. இலவச விதிப்பக்கங்கள் இல்லை. எங்களுக்கு அது வரவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலும் பலர் மாறவில்லை. பழைய உரிமம் உயிரோடு இருந்ததால், பைசோ என்ற நிறுவனம் 3.5இன் விதிகளைத் திருத்தி 2009இல் 'பாத்ஃபைண்டர்' என்று வெளியிட்டது. 2011 வாக்கில் கடைக்காரர்களிடம் எடுத்த கணிப்புகளில் அது தாய் விளையாட்டையே முந்தியது.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன், சீனியர் மன்னிக்க வேண்டும். கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456, 1978க்குப் பிறகு 2000இல் திருத்தப்பட்டது. அதன்பின், "என்னிடம் பழசு இருக்கு சார், போதும்" என்று எந்த டிசைனரும் எம்15இல் ஆர்.சி.சி. போட்டுக் கையெழுத்திட முடியாது, குறைந்தபட்சம் எம்20. விளையாட்டுக்கு அப்படி ஒரு பீரோ கிடையாது. 1979 புத்தகத்தை வைத்து இன்றைக்கும் ஆடலாம், ஆடுகிறார்கள். விதியைச் செல்லுபடியாக்குவது மேசையைச் சுற்றி உட்காருகிறவர்கள்தான். உரிமம் மட்டும் அவர்கள் கையில் இல்லை.

அந்த ஒன்றில்தான் 2023 ஜனவரியில் கை வைத்தார்கள். புதிய உரிமத்தின் வரைவு வெளியே கசிந்தது. பழைய உரிமம் இனி செல்லாது, ஆண்டுக்கு ஏழரை லட்சம் டாலருக்கு மேல் விற்கும் பதிப்பாளர் ராயல்டி கட்ட வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. எதிர்ப்பு பலமாகக் கிளம்பவே அந்த மாதம் முடிவதற்குள் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் மைய விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள். அந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. எங்கள் குழுவில் ஒருவன் இன்னும் ஆறவில்லை. "இவங்களுக்கு ஒரு பைசா தர மாட்டேன் மச்சான்" என்பதே அவன் கட்சி.

சரி, 2024 திருத்தத்தில் என்னதான் இருக்கிறது? ஆடுபவர் புத்தகம் 320 பக்கத்திலிருந்து 384 ஆகியிருக்கிறது. வாள், ஈட்டி ஒவ்வொன்றுக்கும் தனித் திறமை. வெறுமனே வெட்டிக்கொண்டிருந்த போர்வீரனுக்கு இப்போது யோசிக்க வேலை இருக்கிறது. காயம் ஆற்றும் முதல் மந்திரத்துக்கு ஒரு பகடைக்குப் பதில் இரண்டு. 'இனம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, பிறப்பை வைத்துத் தந்த பலத்தை வளர்ந்த பின்னணிக்கு மாற்றியிருக்கிறார்கள். எனக்கு இது பிடித்தது. பழைய கதைகளைப் புதிய விதியில் ஓட்டலாம் என்கிறார்கள். ஓட்டிப் பார்த்தோம், ஓடுகிறது. 1995 போல வெறும் அட்டை மாற்றம் அல்ல. 2000 போலப் பெரிய தீர்வும் அல்ல. 2003க்குப் பக்கத்தில் வைக்கலாம்.

2025 ஏப்ரலில் இந்தத் திருத்தத்தின் மைய விதிகளும் அதே கிரியேட்டிவ் காமன்ஸில் இலவசமாக வந்துவிட்டன. ஹாஸ்டலில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: ஆட ஆசை இருந்தால் முதலில் அதை இறக்கிக்கொள்ளுங்கள், வீட்டில் பணம் கேட்காதீர்கள்.

எங்கள் ஐவரில் நால்வர் சேர்ந்து ஆடுபவர் புத்தகம் ஒன்றே ஒன்று வாங்கினோம். மற்ற இரண்டும் வேண்டாம் என்று முடிவு. ஓடிக்கொண்டிருக்கும் கதை முடியும் வரை 2014 விதிதான். போர்வீரனுக்கு மட்டும் புதிய ஆயுதத் திறமை. ஐந்தாமவன் பைசா தரவில்லை. போர்வீரன் அவனுடைய பாத்திரம்தான்.