கோஸ் மினார்கள் காத்த கஜம்

தில்லி உயிரியல் பூங்காவின் வளாகத்துக்குள் முகலாயர் காலத்துச் செங்கல் தூண் ஒன்று நிற்கிறது. அடிப்பாகம் எண்கோணம், மேலே போகப்போகக் குறுகும் உருளை, உயரம் சுமார் முப்பது அடி. உள்ளே படியோ அறையோ கிடையாது, மேலே எழுத்தும் கிடையாது. இதைக் கோஸ் மினார் என்பார்கள். ஆக்ராவிலிருந்து தில்லி வழியாக லாகூர் போன நெடுஞ்சாலையில், கோஸ் என்ற தூர அளவுக்கு ஒன்றாக நடப்பட்ட வரிசையில் இதுவும் சேர்ந்தது. ஹரியானாவில் இன்னும் பல தூண்கள் வயல்களுக்கு நடுவே நிற்கின்றன. அந்தக் காலத்து மைல்கல் என்று சொல்லிப் பலரும் முடித்துக்கொள்வார்கள். அந்த விளக்கம் போதாது. மைல்கல் என்பது வேறெங்கோ நிலைபெற்றுவிட்ட ஓர் அளவைச் சாலையோரத்தில் எடுத்துச் சொல்வது. இந்தத் தூண்களோ, அளவுகோலே காணாமற்போன பிறகும் அதன் நீளத்தைத் தம் இடைவெளியில் வைத்திருந்தவை.

கோஸ் ஊருக்கு ஊர் மாறிய அளவு. நம் காதம் மாறியதைப் போலத்தான். அதை எண்ணுக்குள் கட்டிப்போட முயன்றது அக்பரின் அரசு. அபுல் ஃபசல் எழுதிய 'ஆயினி அக்பரி' தரும் கணக்கின்படி ஒரு கோஸ் 5000 கஜம். இலாஹி கஜம் என்ற அந்தக் கோல் 41 விரற்கடை நீளம். ஆனால் வரையறுப்பது ஒரு வேலை, வயலில் இறங்கி அளப்பது வேறு வேலை. நிலம் அளக்கப் பயன்பட்ட கயிறு விடியற்காலைப் பனியில் நனைந்து சுருங்கும், வெயில் ஏறக் காய்ந்து நீளும். முதலாவதில் குடியானவனுக்கு நட்டம், இரண்டாவதில் கஜானாவுக்கு நட்டம் என்று அபுல் ஃபசலே பதிவுசெய்கிறார். நட்டம் எவ்வளவு என்று போட்டுப் பார்க்கலாம். கயிறு நூற்றுக்கு ஐந்து பங்கு சுருங்கினால் நீளத்தில் பிழை ஐந்து சதவீதம்தான். வரியோ பரப்புக்கு. நீளம், அகலம் இரண்டிலும் அந்தப் பிழை ஏறுவதால், பீகா என்ற அன்றைய பரப்பளவில் நூறு பீகா நிலம் ஏறக்குறைய நூற்றுப் பதினொன்றாகிவிடும். எத்தனை தடவை திரும்ப அளந்தாலும் ஈரக்கயிறு ஒரே பக்கமாகத்தான் தப்பும். சராசரி எடுத்துத் தீராத பிழை இது. 1570களில் கயிற்றை விலக்கி, இரும்பு வளையங்களால் கோத்த மூங்கில் கழிகளைக் கொண்டுவந்தார்கள். அளவியல் வரலாற்றில் இதற்குரிய பெயர் இன்னும் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அதே பத்தாண்டில்தான் ஆக்ரா–அஜ்மீர் சாலையில் கோஸுக்கு ஒரு தூண் எழுப்ப ஆணை பிறந்தது. அக்பர் வேட்டையாடிய மான்களின் கொம்புகளை அந்தத் தூண்களில் பதித்ததாக எழுதும் அக்பர் காலத்து வரலாற்றாசிரியர் பதாயுனி, இதற்குப் பதில் தோட்டமோ சத்திரமோ கட்டியிருக்கலாமே என்று முணுமுணுக்கிறார். ஆக்ரா–லாகூர் சாலைக்கான ஆணை ஜஹாங்கீருடையது, 1619. கொம்பு பதித்த தூண் அரசனின் பெருமைக்கு நட்டதே தவிர அளப்பதற்கு அல்ல என்று வாதிக்க இடமுண்டு. 1660களில் தில்லியில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியேவும் இவை வழி தெரிவதற்காக நட்டவை என்றே எழுதினார். வழிகாட்டுவது மட்டுமே நோக்கமென்றால் சாலை பிரியும் இடங்களில் நட்டாலே போதும். இவை சீரான தூரத்தில் நிற்கின்றன. தவிர, வழிகாட்டியாகப் பார்த்தால் இவை மட்டமான வழிகாட்டிகள். தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல், நாவல்தாவளத்துக்கு 29 காதம் என்று ஊர்ப் பெயரோடு சொல்கிறது. எழுத்தறியாதவருக்காகக் குழிகளாலும் அந்த எண்ணைக் காட்டுகிறது. கோஸ் மினார் எந்த ஊருக்கு, எத்தனை கோஸ், எந்தத் திசை என்று எதையும் சொல்வதில்லை. அது தருவது ஒன்றே ஒன்று: அடுத்த தூணுக்கு உள்ள தூரம்.

அந்த ஒன்றுதான் பிறகு கைகொடுத்தது. ஷாஜகான் பெயரில் வேறொரு கஜம் வந்தது, முகலாய ஆட்சி சரிந்தது, இலாஹி கஜம் இவ்வளவுதான் என்று உறுதியாகக் காட்ட ஒரு கோலும் மிஞ்சவில்லை. நில வரிக்காக அதன் நீளம் தேவைப்பட்ட ஆங்கில அதிகாரிகள் வாற்கோதுமை மணிகளை வரிசையாக வைத்தும் பழைய நாணயங்களை அடுக்கியும் ஆளுக்கொரு விடை கண்டார்கள். மணி பருத்தும் சிறுத்தும் இருக்கும், நாணயம் தேய்ந்திருக்கும். அந்த அதிகாரிகளில் ஒருவரான ஹென்றி எலியட், தில்லி வட்டாரத்து மினார்களின் இடைவெளியைக் கொண்டு தந்த கோஸின் சராசரி 4558 யார்டு. ஐயாயிரத்தால் வகுத்தால் ஒரு கஜம் சுமார் 32.8 அங்குலம். சின்னக் கோலைக் கொண்டு அளந்த பெரிய தூரம், இப்போது அந்தக் கோலையே திருப்பித் தந்தது. ஒரு கஜத்தை நேராக அளக்கும்போது கால் அங்குலம் தப்பினால் அது முழுதும் விடையில் ஏறும். ஐயாயிரம் கஜத்தை அளக்கையில் பத்து அடி தப்பினாலும் கஜத்துக்கு விழும் பங்கு ஓர் அங்குலத்தில் நூற்றில் மூன்று பங்கைத் தாண்டாது. சோழநாட்டுக் கோயில் சுவர்களில் நிலமளக்கும் கோலின் நீளத்தைக் கோடாக வெட்டிவைத்தவர்களும் அளவு ஓர் ஆளின் கையில் மட்டும் இருக்கக் கூடாது என்று அறிந்திருந்தார்கள். 

வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. மினார்கள் சாலையின் போக்கில் நடப்பட்டவை, சாலை வளையும். நடந்த தூரமும் நேர்கோட்டு இடப்பெயர்ச்சியும் ஒன்றல்ல. நேர்திசையிலிருந்து பத்துப் பாகை இப்படியும் அப்படியுமாக விலகிப் போகும் சாலையில், தூணுக்குத் தூண் நேராக அளப்பவருக்குக் கோஸ் ஒன்றரை சதவீதம் குறைந்து கிடைக்கும்; கஜத்தில் அது அரை அங்குலம். ஈரக்கயிற்றைப் போல இதுவும் ஒரே பக்கமாகத் தப்பும் பிழை. சமவெளிச் சாலை பெரும்பாலும் நேராக ஓடியது என்பதால் உண்மையான பிழை இதைவிடச் சிறிதாக இருக்கலாம். ஆனாலும் 32.8 என்பதில் உள்ள அந்தப் புள்ளி எட்டை நம்பிச் சண்டை போட முடியாது. ஆங்கில அரசு 1820களிலேயே 33 அங்குலம் என்று முடிவுகட்டியிருந்தது. அந்த எண்ணின் வசதி எளிது: 60 கஜம் 55 யார்டாகும், 60க்கு 60 கஜமான பீகா 3025 சதுர யார்டாகும், அது மீதமின்றி ஓர் ஏக்கரில் எட்டில் ஐந்து. கணக்கப்பிள்ளையின் சௌகரியத்துக்காகப் பிறந்த எண்ணாகவே இது எனக்குப் படுகிறது. ஆனால் மினார்களைச் சாட்சிக்கு அழைத்து அதைத் தவறென்று நிறுவ முடியாது. முப்பதா முப்பத்து மூன்றா என்று கேட்டால் அவை தயங்காமல் பதில் சொல்லும். முப்பத்து மூன்றா, அதற்குக் கால் அங்குலம் குறைவா என்ற கேள்வி அவற்றின் நுட்பத்துக்கு அப்பாற்பட்டது.