தலையில் கோத்த நீரும் அஸ்ஸஹ்ராவியின் தயக்கமும்

குற்றாலத்தில் வீழும் நீர் சிற்றாறாகித் தென்காசி வழியே ஓடிக் குளங்களை நிரப்புகின்றது. மதகு அடைபட்ட குளத்தில் நீர்வரத்து நில்லாதாயின் கரைக்கு ஆபத்தென்பதை நம் வட்டாரத்து விவசாயிகள் நன்கறிவர்.

மூளையின் நிலையும் இத்தகையதே. அதன் உள்ளறைகளில் சுரக்கும் நீர் நுண்ணிய வழிகளால் வெளியேறி இரத்தத்தில் கலக்கின்றது. வளர்ந்தவர்க்கு இது நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர். கருவிலேயே அவ்வழி குறுகி அமைந்துவிட்டால் நீர் தேங்கும். இறுகாத மண்டையோடு விரியும். மருத்துவர் இதனை ஹைட்ரோகெபாலஸ் என்பர். கவனியாது விடின் பார்வை மங்கும், அறிவு வளர்ச்சி குன்றும், உயிரும் போகலாம்.

குர்துபா நகரையடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவிற் பிறந்த பேரறிஞர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (936–1013), தம் 30 பாகங்கொண்ட 'கிதாபுத் தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பாகத்தில் இந்நோயை விவரித்துள்ளார். தலை நாளுக்குநாள் பெருத்து, நிமிர்ந்து உட்காரவும் இயலாது இறந்த ஒரு குழந்தையை அவர் கண்டார். அறுவைக் கலையிற் சிறந்த அவரே, தாம் கண்ட குழந்தைகள் விரைவில் மாண்டமையால், இந்நோய்க்குக் கத்தியெடுப்பதில்லை எனத் தீர்மானித்தார். தம் கையின் எல்லையை அறிந்த நேர்மை அது.

அவர் தயங்கிய இடத்தைக் கடக்க 900 ஆண்டுகளுக்கு மேலாயின. 1956இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜான் ஹோல்டர் என்னும் இயந்திரத் தொழிலாளர், இந்நோயுற்ற தம் மகனுக்காகச் சிலிக்கோன் வால்வு ஒன்றை அமைத்தார். இன்று தேங்கிய நீரை மெல்லிய குழாய்வழி வயிற்றுக்குள் வடிக்கின்றனர். நம் மாநிலத்தில் 1949இல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் மூளை அறுவைத் துறையைத் தொடங்கினர்.

ஆகவே, தாய்மார்களே, சிசுவின் தலை வழக்கத்தை மீறிப் பெருத்தாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ, கருவிழி கீழ்நோக்கியே நின்றாலோ நாள் கடத்தலாகாது. சாரல் காலத்து அருவி உடலுக்கு இதமளிக்கலாம். மூளையில் அடைபட்ட நீரை அது வடிக்காது. குழாய் பொருத்திய பிள்ளைக்கு வாந்தி, தலைவலி, மயக்கம் கண்டால் அன்றே மருத்துவமனை சேர்க்க வேண்டும், குழாய் அடைபட்டிருக்கலாம்.

முதுகெலும்புப் பிளவோடு வரும் நீர்க்கோவையைப் பெருமளவு தடுக்கவும் வழியுண்டு. ஃபோலிக் அமிலம் அத்தகைய பிளவு மீண்டும் நேர்வதை ஏறத்தாழ 70 விழுக்காடு குறைப்பதாக 1991இல் வெளியான ஆய்வு நிறுவியது. கருவின் நரம்புக்குழாய் முதல் 28 நாட்களுக்குள் மூடிவிடுவதால், கருவுறுமுன்பே மருத்துவர் சொற்படி அதனை உட்கொள்ளல் வேண்டும்.

அஸ்ஸஹ்ராவிக்குக் கிட்டாத மருத்துவம் நமக்குக் கிட்டியிருக்கின்றது. அதைக் காலத்தோடு நாடுவது பெற்றோர் கடமை.