கைவிடப்பட்டனவும் எஞ்சியனவும்: தீவகத்தை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

வீடியோ விளையாட்டுக்களில் ஈடுபாடுடையோருள் ஒரு சாரார் விளையாடி முடித்ததோடு அமைவதில்லை. அவர்கள் விளையாட்டின் கோப்புக்களைத் திறந்து, திரையில் ஒருபோதும் தோன்றாத பொருட்கள் அவற்றினுள் உளவோ எனத் தேடுகின்றனர். வரைந்து முடித்தும் பயன்படாத உருவங்கள், எவரும் நுழையமுடியாத அறைகள், ஒலிக்காத இசைத்துண்டுகள் எனப் பல அங்கே கிடைக்கின்றன. ஆக்கியோர் அவற்றை ஏன் அழிக்கவில்லை என வினவலாம். ஒரு பகுதியை முற்றாக அகற்றினால் அதனோடு பிணைந்த வேறு பகுதிகள் பழுதுறக்கூடும். வெளியிடும் நாளோ நெருங்கிவிட்டது. ஆதலின் வாயிலை அடைத்துவிட்டு உள்ளறையை இருந்தவாறே விட்டுவிடுகின்றனர்.

அடைத்த வாயில் என்றும் அடைத்தபடியே இருக்கும் என்பதற்கில்லை. 2004இல் வெளிவந்த ‘கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ: சான் அண்ட்ரியாஸ்’ என்னும் விளையாட்டில், கைவிடப்பட்ட பாலியற் பகுதியொன்று கோப்புக்களுள் எஞ்சியிருந்தது. 2005இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஒருவர் அதனைத் திறக்கும் வழியை வெளியிட்டார். அதன் விளைவாக அமெரிக்காவில் அவ்விளையாட்டின் தரவரிசை வயதுவந்தோர்க்கு மட்டும் உரியதென மாற்றப்பட்டது. மறுபுறம், மறைந்திருப்பன யாவும் கைவிடப்பட்டன என்றும் கொள்ளலாகாது. 1996இல் யப்பானில் வெளிவந்த ‘போக்கிமொன்’ விளையாட்டில், சோதனைக்கான நிரற்பகுதி நீக்கப்பட்டபின் எஞ்சிய ஏறத்தாழ 300 பைற்று இடத்தில், சிகெக்கி மொரிமொட்டோ என்னும் நிரலாளர் ‘மியூ’ என்னும் உயிரினத்தை வேண்டுமென்றே சேர்த்துவைத்தார். முன்னையது எச்சம், பின்னையது ஒளித்துவைத்தது. காண்போர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

கணினி பற்றிய இச்செய்திகள் வரலாற்று மாணவருக்கு எவ்வகையிற் பயன்படும்? நிறைவேறிய திட்டங்களை ஆவணங்கள் பேசும். நிறைவேறாதவற்றையும் இடையில் விடப்பட்டவற்றையும் எச்சங்களே பேசவேண்டும். அவற்றின் பேச்சை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதே இங்கு எழும் வினா. யாழ்ப்பாணத்துத் தீவகம் இவ்வினாவை ஆராய்தற்கு மிகவும் ஏற்ற களமாகும்.

முதலிற் பெயர்களை நோக்குவோம். ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று. ஊர்காவற்றுறை அமைந்த தீவு லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் எனவும், அனலைதீவு றொட்டர்டாம் எனவும், நயினாதீவு ஹார்லெம் எனவும், நெடுந்தீவு டெல்வ்ற் எனவும் பெயர்பெற்றன. தேசப்படங்களில் இப்பெயர்கள் ஒழுங்காக எழுதப்பட்டன. மக்கள் நாவிலோ அவை ஏறவில்லை. இன்று டெல்வ்ற் என்னும் பெயரே பரவலான வழக்கில் எஞ்சியுள்ளது. அதுவும் ஆங்கில வழக்கிலேயன்றித் தீவினர் வழக்கில் இல்லை. ஆயின் அவர்கட்கு முன்னர் ஆண்ட போர்த்துக்கேயரின் சொல்லொன்று வேறுவகையில் நிலைத்துவிட்டது. துறைமேடை எனப் பொருள்படும் ‘காய்ஸ்’ என்ற அவர்களது சொல்லே ஊர்காவற்றுறையின் ஆங்கிலப் பெயராகிய ‘கைற்ஸ்’ ஆயிற்று. பெருந்திட்டமாக வகுக்கப்பட்ட பெயர்வரிசை மறைய, துறையில் நாளாந்தம் வழங்கிய சொல் நிலைத்தது. பயன்பாடு தேசப்படத்தினும் வலிது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

அடுத்து நெடுந்தீவின் குதிரைகள். போர்த்துக்கேயர் கொண்டுவந்தனர் எனப் பொதுவாகக் கருதப்படும் இக்குதிரைகளை ஒல்லாந்தர் பேணி வளர்த்தனர். பிரித்தானியர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நோலன் என்னும் படையதிகாரியின் மேற்பார்வையில் அவ்வளர்ப்புத் தொடர்ந்தது. பின்னர் அரசு அம்முயற்சியைக் கைவிட்டது. இலாயங்கள் இடிந்தன, அவற்றின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. குதிரைகளை அகற்றுவார் எவருமிலர். கட்டுத்தறியிலிருந்து விடுபட்ட அவை காட்டுக்குதிரைகளாகப் பெருகின. 2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஓர் அரசின் படைத்தேவைக்கு உரியனவாயிருந்தவை மற்றோர் அரசின் இயற்கைச் செல்வமாயின. ஆயினும் இவை கல்லோ பெயரோ அல்ல, உயிருள்ள எச்சங்கள். கோடையில் நீர்நிலைகள் வற்றும்போது தாகத்தால் வருந்துவனவும் மடிவனவும் அவற்றுள் உண்டு. கைவிட்டவர்கள் நாட்டைவிட்டுப் போய் நெடுங்காலமாயிற்று. கைவிட்டதன் விளைவு இன்றும் தண்ணீர் தேடி அலைகின்றது.

மூன்றாவதாக, நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டினை எடுத்துக்கொள்வோம். 1153 முதல் 1186 வரை ஆட்சிபுரிந்த முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இதனை ஆராய்ந்து பதிப்பித்தார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து தங்கவேண்டும் என்றும், அவர்கட்குப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்றும் ஆணை கூறுகின்றது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடையுமாயின் நான்கிலொரு பங்கு அரசுக்கும் மூன்று பங்கு உடையவர்க்கும் ஆகும். வணிகப் பண்டம் ஏற்றிவரும் கப்பல் உடையுமாயின் செம்பாதி அரசுக்கும் மறுபாதி உடையவர்க்கும் ஆகும். யானைக்கும் குதிரைக்கும் காட்டப்பட்ட சலுகை மன்னனின் தேவையைப் புலப்படுத்துகின்றது. 1244ஆம் ஆண்டளவில் ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் காகதிய மன்னன் கணபதி பொறித்த ஆணையோடு இதனை ஒப்பிடலாம். உடைந்த கப்பலின் பொருளை முன்னைய மன்னர் கவர்ந்துகொண்டனர் என்றும், தான் அதனைத் தவிர்த்து உரிய சுங்கம் மாத்திரமே கொள்வதாகவும் அம்மன்னன் கூறுகின்றான். கப்பல்களைத் தம் துறைக்கு ஈர்ப்பதற்கு அரசர்கள் தம்முட் போட்டியிட்ட காலம் அது.

இங்கேதான் எச்சங்களைப் படிப்போர் விழிப்பாக இருத்தல் வேண்டும். ஆணை இருந்தது என்பதற்குக் கல் சான்று. யானைக்கப்பல் ஒன்று ஊராத்துறையில் உண்மையில் உடைந்தது என்பதற்கு அக்கல் சான்றாகாது. விதி வேறு, நிகழ்ச்சி வேறு. கோப்பினுள் ஓர் அறை வரையப்பட்டிருப்பதைக் கண்டு, அதனுள் எவரோ நடமாடினர் என நாம் முடிவுசெய்வதில்லை அன்றோ? கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டதாக ஆணை கூறுகின்றது; நம் கைக்கு எட்டியது கல் மட்டுமே.

மேலும், எச்சம் தனக்கு வேண்டிய பொருளைத் தானே சொல்லாது. திறப்பவர் எண்ணமே பெரும்பாலும் அதன் பொருளாகிவிடுகின்றது. சிங்கள மன்னன் ஆணை என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு தீவகத்தில் அவனது ஆட்சியுரிமையைப் பேசுவார் ஒரு புறம். தமிழிற் பொறிக்கப்பட்டது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மன்னனை மறப்பார் மறுபுறம். கல்லோ இரண்டையும் ஒருங்கே கூறுகின்றது. தன் ஆணை இத்துறையில் விளங்கவேண்டுமாயின் அது தமிழில் இருத்தல் வேண்டும் என அவ்வரசு கருதியிருத்தல் வேண்டும். பாதிக் கல்லைப் படிப்பது வரலாறு ஆகாது.

இறுதியாக, என் குடும்பத்துச் செய்தியொன்றைக் கூற அனுமதி வேண்டுகிறேன். 1990இலும் 1991இலும் நடைபெற்ற இராணுவ நடவடிக்கைகளின்போது தீவக மக்களுட் பெருந்தொகையினர் இடம்பெயர்ந்தனர். புங்குடுதீவிலே என் தாய்வழிப் பாட்டனாரின் வீடும் அவ்வாறு கைவிடப்பட்டது. கூரையற்ற அவ்வீட்டின் மேற்குப் புறத்தில், முழங்கால் உயரத்திற்கு ஒரு கற்கட்டு உள்ளது. எருக்கலை மூடிக்கிடக்கும் சதுரம். சென்ற ஆண்டு அதனை நான் அளந்து, ‘இடிந்த அறை’ எனக் குறிப்பேட்டில் எழுதினேன். வீடு திரும்பி அம்மம்மாவிடம் காட்டியபோது அவர் சிரித்தார். “அது இடிஞ்சதில்லை மோனை, கட்டாமல் விட்டது. உன்ரை சின்னம்மாவின்ரை கலியாணத்துக்கெண்டு அத்திவாரம் போட்டனாங்கள். சுவர் எழும்ப முந்தி வெளிக்கிட்டிட்டம்” என்றார்.

இடிந்த அறைக்கும் கட்டப்படாத அறைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கல் எனக்குச் சொல்லவில்லை. முதலாவது ஒரு குடும்பம் இழந்ததைக் காட்டும்; இரண்டாவது அக்குடும்பம் எதிர்பார்த்திருந்ததைக் காட்டும். விளையாட்டை ஆக்கிய நிரலாளர் பலர் இன்றும் உயிரோடுளர். ஐயம் எழுந்தால் அவர்களிடமே கேட்கலாம். ஊராத்துறையிற் கல் பொறித்தவரிடம் கேட்கும் வாய்ப்பு நமக்கில்லை. தீவகத்தின் அத்திவாரங்களைப் பொறுத்தவரையில் நாம் இவ்விரு நிலைகட்கும் இடையே நிற்கின்றோம்: கேட்பதற்கு ஆட்கள் இன்னும் உள்ளனர், ஆயின் அவர்கட்கு எண்பது வயது கடந்துவிட்டது. நயினாதீவுக் கல்லைப் படித்த தலைமுறையின் மாணவர் நாம் எனச் சொல்லிக்கொள்வோமாயின், விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொருவரும் ஓர் அளவுநாடாவையும் ஒரு குறிப்பேட்டையும் கொண்டுசெல்லுதல் வேண்டும். முதலில் அளக்கவேண்டும். எழுதுமுன் கேட்கவேண்டும்.

என் குறிப்பேட்டில் ‘இடிந்த அறை’ என்பதை வெட்டி, ‘கட்டப்படாத அறை, சின்னம்மாவுக்கு உரியது’ எனத் திருத்தியுள்ளேன்.